பாதியில் நின்ற படைப்பு: வாசகர் கேள்விகள்

ஆசிரியர் காலமான பிறகு அவர் முடிக்காமல் விட்ட நாவலையோ பாட்டையோ சிலையையோ கையில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து ஒன்பதை எடுத்துக்கொண்டோம். பதிப்பாசிரியர், வழக்கறிஞர், வார்ப்புச் சிற்பி, இசையாசிரியர் என அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

என் தமிழாசிரியர் பல ஆண்டுகளாக எழுதிவந்த நாவலை முடிக்காமலே போய்விட்டார். அவர் துணைவியார் ஒரு ரெக்சின் பை நிறைய நோட்டு, உதிரித் தாள், இரண்டு டைரி எல்லாவற்றையும் கொடுத்து, "நீயே முடிச்சுடுப்பா" என்றார். எங்கே தொடங்குவது?
– வாசகர், தென்காசி

முதலில் பையைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். எந்தத் தாள் எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் ஒரு சாட்சியம்தான். கொட்டிவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு புகைப்படம். ஒவ்வொரு கட்டுக்கும் அ, ஆ, இ என்று எழுத்துக் கொடுத்து, தாள்களுக்கு அ-1, அ-2 என்று எண் போடுங்கள். 2பி பென்சிலால், கீழ் மூலையில், அழுத்தாமல் எழுத வேண்டும். பேனாவும் ரப்பர் முத்திரையும் வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதுவும் ஒரு பக்கம்; எண் உண்டு.

உருகி ஒட்டிப்போன ரப்பர் பேண்டை இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள். துருப்பிடித்த பின்னை உருவினால் தாள் கிழியும். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு தடித்த பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்தி எடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். தெளிவான மைக்கு 300 டிபிஐ போதும். பென்சில் எழுத்துக்கும் மங்கிய மைக்கும் 600 வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுக்கவே கூடாது. நீல மையில் எழுதி, பிறகொரு நாள் சிவப்பு மையில் அடித்திருந்தால் அவை இரண்டு வெவ்வேறு காலத்து முடிவுகள். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றாகிவிடும். மூலப் படங்களை டிஃப் வடிவத்தில் வைத்துக்கொண்டு, படிப்பதற்குத் தனியே பிடிஎஃப் செய்துகொள்ளுங்கள். மூன்று நகல் இருக்கட்டும். அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஸ்கேனர் கிடைக்காவிட்டால் செல்பேசியே போதும். சன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள்.

இனி வரிசை. ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று வடிவம் கிடைக்கும். எது பிந்தியது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1987ஆம் ஆண்டு டைரியில் எழுதியிருப்பதால் அது 1987இல் எழுதியது என்று ஆகாது. மிச்சமிருக்கும் பழைய டைரியைப் பத்து வருஷம் கழித்தும் வாத்தியார்கள் பயன்படுத்துவார்கள். அந்த ஆண்டுக்கு முன்பு எழுதியிருக்க வாய்ப்பில்லை என்பதை மட்டும் டைரி சொல்லும். இன்லண்டு கடிதத்தின் முதுகில் எழுதியிருந்தால் தபால் முத்திரையையும் அப்படியே கொள்ளுங்கள். 1978இன் எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘ணா’ வடிவங்களை வைத்துக் காலம் கணிப்பதும் ஆபத்து. பழைய கையெழுத்துக்காரர்கள் பலர் அரசாணை வந்த பிறகும் கையை மாற்றிக்கொள்ளவில்லை.

நம்பத்தகுந்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பிரதியின் ஓரத்தில் செருகிய திருத்தம் இன்னொரு பிரதியில் வரியோடு வரியாக ஓடினால், இரண்டாவதுதான் பிந்தியது. அடித்தல் திருத்தலோடு அசிங்கமாக இருப்பது பழசு, அழகாக இருப்பது புதுசு என்று நினைக்க வேண்டாம். சுத்தப் பிரதி எடுத்து முடித்த பிறகு அதிருப்தியில் மறுபடி அலங்கோலமாக எழுதிப் பார்ப்பது எழுத்தாளர் வழக்கம்.

பிறகு தட்டச்சு. பிழையைக்கூடத் திருத்தாமல் உள்ளபடியே அடிக்க வேண்டும். அவர் கோடு போட்டு நீக்கிய சொல்லை அந்தக் கோட்டோடே காட்டுங்கள். ஐயமான வாசிப்புக்குப் பக்கத்தில் [?]. படிக்கவே முடியாத இடத்தில், எத்தனை எழுத்து இருக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை புள்ளி. நாளைக்கு ஆறு பக்கம் என்று வைத்தால் 240 பக்கத்துக்கு நாற்பது நாள் ஆகும். இந்த நாற்பது நாளைத் தாண்டாமல் ஒரு வரிகூட நீங்களாக எழுத வேண்டாம். முடிவு அத்தியாயம் எழுதப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டைரியின் பால் கணக்குக்கு நடுவே அது கிடக்கும்.

ஐயாவின் கட்டுரைத் தொகுப்பு முழுவதும் கணினியில் இருக்கிறது. ஆனால் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறது. சில கோப்புகள் பேஜ்மேக்கரில் உள்ளன.
– வாசகர், சிவகாசி

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பாமினி, வானவில், தஸ்கி போன்ற ஏதோ ஒன்றில் அடித்திருக்கிறார். எந்த எழுத்துருவோ அதையே அந்தக் கணினியிலிருந்து எடுத்து நிறுவினால் தமிழாகத் தெரியும். தெரிந்ததும் முதல் வேலையாக ஒரு பிடிஎஃப் எடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் மூலம். பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைனின் சிஎஸ்6 வரையான பதிப்புகள் திறக்கும். அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. பழைய கணினி வைத்திருக்கும் ஓர் அச்சகத்தைப் பிடிப்பதே சுலபம்.

மாற்றிகள் தடுமாறும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கொம்பு, க, துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகியிருக்கும். மாற்றி அதைச் சேர்த்துக் கட்டும்போது ‘கௌரவம்’ என்பது ‘கெ’யும் ‘ள’வுமாகப் பிரிந்து ‘கெளரவம்’ ஆகிவிடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. ‘அவர்’ என்பதில் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து ‘அவா்’ என்று நிற்கும். இதையும் கண் பிடிக்காது, ‘கண்டுபிடி–மாற்று’தான் பிடிக்கும். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்தாக மாறியிருக்கும்; மேற்கோள் குறிகளும் அப்படியே. ஆகவே மாற்றி முடித்ததும் இந்த நாலையும் தேடிவிட்டு, பிறகு ஒருவர் பிடிஎஃபைப் படிக்க இன்னொருவர் திரையைப் பார்த்து முழுவதும் ஒத்துப் பாருங்கள்.

கோப்பின் தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. பென் டிரைவில் நகலெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ நகலெடுத்த நாளாகிவிடும். ‘கடைசியாகத் திருத்திய தேதி’ பெரும்பாலும் அப்படியே நிற்கும். வரிசைக்கு அதைப் பாருங்கள். அவருடைய கணினியில் கோப்பைத் திறந்து ‘சேமி’ அழுத்திவிட்டால் அந்தத் தேதியும் போயிற்று. முதலில் நகல், பிறகு நகலை மட்டும் திறப்பது.

நாற்பது அத்தியாயம் என்று திட்டம், 31 எழுதிவிட்டார். மீதியை அவர் நடையிலேயே எழுத வேண்டுமா, என் நடையில் எழுதலாமா?
– வாசகி, திருச்சி

அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எழுதத்தான் வேண்டுமா? உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. அவர் நினைத்திருந்தால் தாமே அடி இட்டு நிரப்பியிருக்கலாம். புள்ளி வைத்தார். இன்றுவரை அந்தப் புள்ளிகளோடுதான் படிக்கிறோம்; புறநானூறு குறைந்துபோய்விடவில்லை.

உங்களுக்கு மூன்று வழி. ஒன்று, 31ஆம் அத்தியாயத்தோடு நிறுத்தி, அவருடைய குறிப்புகளை உள்ளபடியே பின்னிணைப்பாகப் போடுவது. இரண்டு, விடுபட்ட பகுதியின் கதைப்போக்கைச் சிறிய எழுத்தில் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே போய், அவர் உதிரியாக எழுதிவைத்த காட்சிகளை அந்தந்த இடத்தில் முழு அளவில் வைப்பது. மூன்று, ஒன்பது அத்தியாயத்தையும் நீங்கள் எழுதுவது. அத்தியாயத்துக்கு ஒரு வரியாவது குறிப்பு விட்டுச் சென்றிருந்தால்தான் மூன்றாவது. முடிவே தெரியாது என்றால் முதலாவது. இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் இரண்டாவது வழி பொருந்தும். அது எளிமையாகத் தெரிவதாலோ என்னவோ, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

மூன்றாவதுதான் என்று முடிவு செய்தால், காதை நம்பி எழுதாதீர்கள், எண்ணிப் பாருங்கள். அவர் திருத்தி முடித்த மூன்று அத்தியாயங்களை எடுத்து வாக்கியத்துக்குச் சராசரி எத்தனை சொல், பக்கத்தில் எத்தனை பங்கு உரையாடல், அத்தியாயம் எத்தனை பக்கம் என்று குறியுங்கள். அவர் சராசரி ஒன்பது சொல், உங்களுடையது பதினாறு என்றால் வாசகர் 32ஆம் அத்தியாயத்தில் கால் இடறுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. பேச்சை முடிக்க ‘என்றான்’ போடுகிறாரா, ‘சொன்னான்’ போடுகிறாரா, ஒன்றும் போடாமல் விடுகிறாரா? அத்தியாயம் பேச்சில் திறக்கிறதா, இடத்தில் திறக்கிறதா? ‘ஆனால்’, ‘என்றாலும்’, ‘இருந்தும்’ மூன்றில் எது அவர் கைச்சொல்? மைத்துனனை அத்தான் என்கிற வீடா, மச்சான் என்கிற வீடா? இவற்றுக்கு ஒரு நோட்டு போடுங்கள். பாத்திரங்களின் வயது, ஆண்டு, ஊர் இவற்றுக்கு இன்னொன்று. அவிழ்க்காமல் விட்ட முடிச்சுகளுக்கு மூன்றாவது: ஏழாம் அத்தியாயத்தில் பூட்டிய டிரங்குப் பெட்டி, பன்னிரண்டில் ஊரைவிட்டுப் போன தம்பி என்று வரிசையாக.

பிசகும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். குருவின் பழக்கத்தை மாணவர் அளவுக்கு மீறிச் செய்துவிடுவார். குரு மூன்று பக்கத்துக்கு ஓர் உவமை வைத்தால் மாணவர் பத்திக்கு ஒன்று வைப்பார். நினைவில் நிற்பது உவமைதான், இடைவெளி நிற்பதில்லை. அடுத்து, எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடுவார். தம்பி திரும்பி வராமலே போவதுதான் குருவின் எண்ணமாக இருந்திருக்கலாம். மோசமானது மூன்றாவது: தம் பகுதிக்கு ஏற்ப முதல் 31ஐத் திருத்துவது. எழுத்துப்பிழை தவிர அங்கே கை வைக்கவே கூடாது. நாலாம் அத்தியாயத்தில் கறுப்பாக இருந்த பசு இருபதில் செவலை ஆகிவிட்டால் அடிக்குறிப்பு போடுங்கள். பசுவின் நிறத்தை மாற்ற வேண்டாம்.

எழுதி முடித்ததை அவரை அறிந்த ஒருவரிடமும் அறியாத ஒருவரிடமும் கொடுங்கள். ‘எங்கே ஒட்டு தெரிகிறது’ என்று கேட்டால் துப்பறிவாளர் ஆகிவிடுவார்கள். ‘எங்கே சலித்தது’ என்று கேளுங்கள். இருவரும் ஒரே பக்கத்தைச் சொன்னால் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

முடிவு என்ன என்று சார் என்னிடம் நேரில் சொல்லியிருக்கிறார். எங்கும் எழுதிவைக்கவில்லை. அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நாகர்கோவில்

இன்றைக்கே எழுதிவையுங்கள், எழுதிய தேதியையும் போடுங்கள். அவர் சொன்ன சொல் நினைவிருந்தால் மேற்கோளில், பொருள் மட்டும் நினைவிருந்தால் மேற்கோள் இல்லாமல். வேறு யாரிடமாவது சொன்னாரா என்று விசாரியுங்கள். ஆனால் உங்களுடையதைச் சொல்லிக் காட்டாமல், அவர்கள் நினைவைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இருவேறு முடிவு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், எழுதிக்கொண்டிருப்பவர் ஆளுக்கொன்று சொல்லிப் பார்ப்பது உண்டு. முன்னுரையில் ‘வாய்மொழியாகக் கேட்டது’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கையெழுத்துப் பிரதியை உயிரோடு இருக்கும்போதே என்னிடம் தந்துவிட்டார். வெளியிட அவர் பிள்ளைகளின் சம்மதம் வேண்டுமா? மூவரில் ஒருவர் மறுக்கிறார்.
– வாசகர், மதுரை

வேண்டும். தாள் உங்களுடையதாக இருக்கலாம், எழுத்தின் உரிமை வேறு. அவர் உங்களுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான்: காகிதம் உங்களுக்கு, வாசகம் அவருக்கு. ஒரு விலக்கு உண்டு. வெளியாகாத படைப்பின் கையெழுத்துப் பிரதியை உயிலில் உங்களுக்கு எழுதிவைத்திருந்தால், உயிலில் வேறு விதமாகச் சொல்லாதவரை, பதிப்புரிமையும் சேர்ந்தே வரும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ‘வச்சுக்கோ’ என்று கையில் கொடுத்தது உயில் ஆகாது.

உயில் இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகள் அனைவருக்கும் உரிமை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். துணைவியாரை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் கையெழுத்து வாங்குவது வழக்கமான தவறு. இந்து ஆண் என்றால் தாயார் இருந்தாலும் அவரும் வாரிசு. மூவரில் இருவர் சம்மதம் போதும் என்று நம்பி அச்சுக்குப் போகாதீர்கள். மறுப்பவர் தடை வாங்கினால் அச்சான புத்தகம் கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடக்கும். அவர் ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள். பணம் காரணமாக இருப்பது குறைவு; நாவலில் வரும் அத்தை தம் அத்தை என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பேசித் தீர்வு காண முடியும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை (அச்சு, மின்னூல், ஒலி, மொழிபெயர்ப்பு, திரை), எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு உரிமைத்தொகை என்று தனித்தனியாக எழுதுங்கள். 19ஆம் பிரிவின்படி காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, அது காலாவதியாகும். பாதி நாவலை முடிக்க ஓராண்டு போதாது. ஆகவே இந்த வரியை மறக்காமல் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். திருச்சி வாசகியின் நாவலைப் போன்றது என்றால், ‘32 முதல் 40 வரை மாணவர் எழுதுவார், அந்தப் பகுதியின் உரிமை மாணவருக்கு’ என்பதும் இருக்கட்டும். 57ஆம் பிரிவு இன்னொன்று: படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் பெயருக்குக் கேடு விளைந்தால் வாரிசுகள் கேள்வி கேட்கலாம். உரிமையை விற்றாலும் இது போகாது. முதல் 31இல் கை வைக்கக் கூடாது என்பதற்கு இலக்கியத்தைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

காலக் கணக்கு: வாழ்நாளில் வெளியானவற்றுக்கு, ஆசிரியர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 2021இல் மறைந்திருந்தால் 2081 டிசம்பர் வரை. வாழ்நாளில் வெளியாகாத எழுத்து என்றால் 24ஆம் பிரிவின்படி, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது. அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகியிருந்தால், கையெழுத்துப் பிரதிகளும் அதில் அடங்குமா என்று அரசாணையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அடங்கும் என்று ஊகிக்க வேண்டாம்.

அட்டையில் யார் பெயர்? ஆசிரியர் பெயர் மட்டும் போட்டால்தான் விற்கும் என்கிறது பதிப்பகம்.
– வாசகர், கோவை

தமிழில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் சிவஞான முனிவர் செய்தது. இரண்டாம் காண்டம் அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் செய்தது. காண்டத்துக்குக் காண்டம் பெயர் தனி, யாருக்கும் மயக்கமில்லை. உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றை முடிக்காமல் 1942இல் மறைந்தார். அவர் மாணவர் கி.வா.ஜகந்நாதன், ‘நான்’ என்று ஆசிரியர் குரலில் தொடராமல், மீதி வாழ்க்கையைத் தம் பெயரில் தனி நூலாக எழுதினார். தன்வரலாற்றுக்கு அதைவிடச் சரியான வழி கிடையாது.

ஒட்டை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வியன்னாவில் ஓர் உதாரணம். மொட்சார்ட் 1791 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தபோது அவருடைய இரங்கல் திருப்பலி இசை முடியவில்லை. ‘லாக்ரிமோசா’ பகுதி எட்டுத் தாளக் கட்டத்தோடு நின்றிருந்தது. அவர் மாணவர் சூஸ்மயர் முடித்தார். முன்பணம் கொடுத்த பிரபுவிடம் முழுதும் மொட்சார்ட்டுடையது என்று காட்டவேண்டி, அவர் கையெழுத்தைப் போலவே போட்டு, 1792 என்று தேதியிட்டுக் கொடுத்தார்கள். இறந்தவர் அடுத்த வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! (அந்தப் பிரபுவும் அதைத் தாமே இயற்றியதாகச் சொல்லிக்கொள்ளத்தான் வாங்கினார் என்பது தனிக்கதை.) எந்த வரி யாருடையது என்று பிரிக்க இருநூறு ஆண்டாக அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். மொட்சார்ட் சொல்லிக்கொடுத்துச் சூஸ்மயர் எழுதியது எது, தானாக எழுதியது எது என்பது தெரியாததால் இழப்பு சூஸ்மயருக்கும்தான்.

அட்டையில் ஆசிரியர் பெயர் பெரிதாக இருக்கட்டும், தவறில்லை. உள் தலைப்புப் பக்கத்தில், ‘32 முதல் 40 வரையான அத்தியாயங்களை ஆசிரியரின் குறிப்புகளைக் கொண்டு நிறைவு செய்தவர்’ என்று உங்கள் பெயர். 31 முடிந்து 32 தொடங்குமிடத்தில் ஒரு முழு வெற்றுப்பக்கம். நடுவில் அவர் எழுதிய காட்சி வந்தால் ஓரத்தில் ஒரு கோடு. ‘தொகுத்தவர்’, ‘பதிப்பித்தவர்’, ‘நிறைவு செய்தவர்’ மூன்றும் வேறு வேறு வேலைகள், செய்ததைப் போடுங்கள். ‘இணையாசிரியர்’ வேண்டாம். யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து படைத்தால்தான் சட்டத்தில் கூட்டுப் படைப்பு. உங்களுடையது பிரித்துக் காட்டக் கூடியது.

ஸ்தபதியார் இரண்டடி உயர அம்மன் சிலைக்கு மெழுகு கட்டிக்கொண்டிருக்கும்போதே தவறிவிட்டார். இடது கையும் பீடமும் நகையும் பாக்கி. பட்டறையில் மூத்தவன் நான்தான். முடித்து வார்த்துவிடலாமா?
– வாசகர், சுவாமிமலை

முடிக்கலாம். வார்ப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: மண் கட்டிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். ஸ்தபதியின் விரல் பட்ட கடைசி உரு அதுதான், அதற்குப் பிரதி கிடையாது. ஆகவே நீங்கள் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, சிலிகான் ரப்பரில் ஓர் அச்சு எடுத்துவிடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெழுகின் மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். அது இறுகும்போது சூடேறும். மூக்கு நுனியும் விரலும் மழுங்கிவிடும். அதுவரை சிலையைப் படுக்கவைத்து நிழலில் வையுங்கள். நிறுத்திவைத்தால் சித்திரை வெயிலில் கணுக்கால் வளையும்.

அளவுக்கு அவருடைய ஒடியோலையைத் தேடுங்கள். தென்னையோலையை உருவின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்த அந்தத் துண்டு பட்டறையில் எங்காவது செருகியிருக்கும். கிடைக்காவிட்டால் செய்த உடம்பிலிருந்து திரும்பக் கணக்கெடுக்கலாம். உமைக்கு மத்திம தச தாளம் என்ற சிற்ப அளவுமுறை என்றால் உயரம் 120 அங்குலம். இங்கே அங்குலம் என்பது ஸ்கேலில் உள்ளது அல்ல, உருவின் உயரத்தை 120ஆகப் பகுத்த ஒரு பங்கு. மகுடமும் பீடமும் நீங்கலாக இரண்டடி, அதாவது சுமார் 610 மில்லிமீட்டர் என்றால் ஓர் அங்குலம் ஐந்து மில்லிமீட்டரும் கொஞ்சமும். மகுடத்தையும் சேர்த்து அளந்துவிட்டுக் கை நீண்டுபோயிற்று என்று பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. வலது கையைக் கண்ணாடியில் பார்த்ததுபோல இடது கை செய்வதும் தவறு. உடம்பு மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் திரிபங்கத்தில் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்காது. உருவின் நடுவே செங்குத்தாகப் போகும் நடுச்சூத்திரத்திலிருந்து அளந்து தோளின் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு கையின் நீளத்தை எடுங்கள்.

மெழுகு: தேன்மெழுகு 4, குங்கிலியம் 4, கடலை எண்ணெய் 1 என்பது பொதுக் கணக்கு. வெயில் காலத்தில் குங்கிலியத்தைக் கூட்டி எண்ணெயைக் குறைப்பார்கள், குளிர் காலத்தில் மாற்றி. அவர் மார்கழியில் கட்டிய உடம்போடு நீங்கள் வைகாசியில் கலந்த மெழுகைச் சேர்ப்பதாக இருந்தால், அவர் மிச்சம் வைத்த உருண்டையையே உருக்கிப் பயன்படுத்துவது நல்லது. ஒட்டும்போது சூட்டுக்கோலால் இரண்டு பக்கமும் உருகி ஒன்றாக வேண்டும். பழைய மெழுகின் மேல் புது மெழுகைத் தேய்த்து மூடினால் மயிரிழை விரிசல் நிற்கும். முதல் பூச்சு வண்டல் மண் அதற்குள் புகுந்து, வார்த்த பிறகு மணிக்கட்டில் பிளவாகத் தெரியும்.

மண் கட்டும் முன் மெழுகை, உலோகம் ஓடும் குழாய்களோடு சேர்த்து எடை போடுங்கள். மெழுகைப் போல எட்டரை, ஒன்பது மடங்கு உலோகம் குடிக்கும். பத்து மடங்கு உருக்கிக்கொண்டால் பயமில்லை. பாதியில் உலோகம் தீர்ந்து மறுபடி ஊற்றினால் இரண்டும் சேராது. வேறு சிலை என்றால் போகட்டும் என்று மறுபடி மெழுகு கட்டலாம், இதை மறுபடி யார் கட்டுவது? மண் காய்வதும் நிழலில்தான்.

சிலை கேட்டவர்களிடம், முடித்தது நீங்கள் என்று வார்ப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்பணத்தில் எவ்வளவு வேலை ஸ்தபதியார் காலத்தில் முடிந்தது என்று கணக்குப் பார்த்து அந்தப் பங்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கண் திறக்க இன்னொரு மூத்த ஸ்தபதியை அழைப்பது வழக்கத்துக்கும் ஒத்தது, உங்கள் கைக்கும் நிம்மதி.

என் குருநாதர் ஒரு கிருதியில் பல்லவி, அனுபல்லவி மட்டும் ஸ்வரப்படுத்தி வைத்திருக்கிறார். சரணம் நான் எழுதிச் சேர்க்கலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

சரணம் இல்லாததாலேயே குறை என்று சொல்ல முடியாது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் பலவற்றில் பல்லவிக்குப் பிறகு சமஷ்டி சரணம் ஒன்றுதான். அனுபல்லவி, சரணம் என்ற பிரிவே இல்லை. இரண்டு அங்கத்தோடு பாடி, சிட்டை ஸ்வரம் ஒன்றைச் சேர்த்தால் கச்சேரிக்கு நிற்கும்.

சேர்த்தே ஆக வேண்டுமென்றால் வேலை நீங்கள் நினைப்பதில் பாதிதான். பெரும்பாலான கிருதிகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே போகும். புதிதாக மெட்டு வேண்டியது முன்பாதிக்கு மட்டும். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், பல்லவியில் அரை இடம் என்றால் சரணத்திலும் அரை இடமாகவே வையுங்கள். எதுகை சரணத்துக்குள் தன்னளவில் பொருந்தினால் போதும், பல்லவியின் எதுகையை இழுத்துவர வேண்டாம். அவர் தொடாத சஞ்சாரத்தைச் சரணத்தில் காட்டி ராகத்தை ‘நிறைவு’ செய்யும் ஆசை வரும். அனுபல்லவி தார (மேல் ஸ்தாயி) காந்தாரம் வரை போயிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

இயற்றியவரை அடையாளம் காட்டும் முத்திரை பெரும்பாலும் சரணத்தில்தான் வரும். இங்கே கண்டிப்பு: நீங்கள் எழுதிய வரியில் குருவின் முத்திரையை வைக்கக் கூடாது. முத்திரை என்பது கையெழுத்து. முத்திரை இல்லாமலே விடுங்கள். பாடும்போது ‘சரணம் மாணவி இயற்றியது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், ஸ்வரத்தாளிலும் அதை எழுதுங்கள்.

எழுதும் முன் அவர் கேசட்டுகளைக் கேட்டுவிடுங்கள். வகுப்பில் பாடிக் காட்டியது அகப்படலாம். பல வருஷம் ஓடாத கேசட்டை எடுத்தவுடன் போட வேண்டாம். வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கென்று உள்ளவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி, முதல் ஓட்டத்திலேயே வேவ் கோப்பாகப் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்கு நாடா இருக்கும் என்று உத்தரவாதமில்லை.

ஐயாவின் கையெழுத்துத் தாள்கள் உதிர்கின்றன. லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகர், புதுக்கோட்டை

கூடாது. சூட்டில் ஒட்டும் பசையைத் திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே தாள் தொடர்ந்து பழுப்பேறும், மை கசியும். செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அமிலமில்லாத காகித உறையில் ஓர் உறைக்கு ஒரு தாளாக வைத்து, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, தரையிலிருந்து ஓரடியாவது உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதைவிடப் பெரிய மருந்து இல்லை.